இரண்டாவது டிரிப்

லீவில் வந்து இறங்கிய நாளிலிருந்து இளவரசி ஓரிடத்தில் உட்காரவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். வாசலில் ஓர் இலை விழுந்தால் போதும், விளக்குமாற்றோடு ஓடினாள். மலைமேல் நாகலூரில் அந்த அம்மா வீட்டைச் சுற்றி நிற்பதெல்லாம் காப்பிச் செடியும் சில்வர் ஓக் மரமும்தான். இலை விழுவது என்றைக்கு நிற்கும்? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல மகள் அலைவதைப் பார்த்து ஆராயிக்குத் தலை சுற்றியது.

"சித்த உக்காரு கண்ணு. கனடாவுல இருந்து நடந்தே வந்தவளாட்டம் நடந்துக்கிட்டே இருக்கற."

"உக்காந்தா நெனப்பு வருதும்மா."

அந்த நினைப்பு ஒரு மின்னஞ்சல். இளவரசி கனடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் சின்னராஜ் இங்கே நாகலூரில் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். அவனை அங்கே அழைத்துக்கொள்ள அவள் போட்டிருந்த விண்ணப்பத்துக்குத்தான் பதில் வந்திருந்தது. உங்கள் திருமணம் மெய்யானது என்று எங்களுக்குத் திருப்தியில்லை, ஒரு மாதத்துக்குள் தக்க சான்று அனுப்பவும், இல்லையென்றால் விண்ணப்பம் மறுக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். மரியாதையான இங்கிலீஷ்தான். மரியாதையாக அறைந்தால் மட்டும் கன்னம் வலிக்காதா என்ன?

ஊருக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெரியாதபோதே ஊர் சும்மா இருந்ததில்லை. ஒண்டிக்கடை நாற்சந்தியில் டீக்கடை வைத்திருக்கும் ரூபிக்கு நாக்கில்தான் கண் இருக்கிறது என்பார்கள். சின்னராஜ் ஆரஞ்சு மூட்டையோடு போய் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அவள் பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க மாப்ள, இளவரசி டிராவல்ஸ் ரெண்டாவது டிரிப் எப்பக் கெளம்புது?"

டீ குடிக்கிற நாலு பேரும் சிரிப்பார்கள். சின்னராஜும் சேர்ந்து சிரிப்பான். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது என்று விட்டுவிடுவான். இளவரசியால் அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் ரூபி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இது இரண்டாவது டிரிப்தான்.

முதல் டிரிப்பில் போனவன் ஹரிஹரன். சேலத்துப் பையன், இன்ஜினியர், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற தங்கமான குணம். இளவரசியின் அப்பா அங்கப்பன் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். மலைக்காட்டுப் பெண் கனடாவில் நர்ஸ் என்றதும் கீழே தரைநாட்டில் இருந்து சம்பந்தம் தேடி வந்ததே என்று அவர் பூரித்துப் போனார். சேலத்தில் பெரிய மண்டபம், செண்டை மேளம், இரண்டு வீடியோக்காரர்கள், தலைக்கு மேல் பறந்த ஒரு கேமரா. ஆல்பத்தை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. குடியேற்ற அலுவலகத்துக்கு அந்தப் படங்களை அனுப்பினாள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுமதி கொடுத்தார்கள்.

அனுமதி வந்த அன்று ஹரிஹரன் போனில் கத்தினான். "விசா வந்துடுச்சு! விசா வந்துடுச்சு!" நாலைந்து தடவை சொன்னான். அவள் பெயரை ஒரு தடவையும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை.

வந்தான். பனியைப் பார்த்தான். ஒரு வருஷம்கூட முடியவில்லை, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டினான். கூட வருகிறேன் என்றாள். "நீ நல்லவதான் இளவரசி, ஆனா நமக்குள்ள ஒத்து வராது" என்றான். அந்த வாக்கியத்தை விமானத்தில் ஏறும்போதே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பான் போலிருந்தது. அன்று டூட்டி முடிந்து வந்தவள் கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியின் கொக்கியைத் தானே நெம்பிக் கழற்றி, சமையலறையில் கரண்டி வைக்கிற டிராயரில் போட்டாள். கையில் நடுக்கமே இல்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

விவாகரத்து ஆன பின்னும் சட்டம் அவளை விடவில்லை. அழைத்துக்கொண்ட ஆளுக்கு மூன்று வருஷம் அவள்தான் பொறுப்பு. அவன் சோற்றுக்கு வழியில்லை என்று அரசாங்கத்திடம் கை நீட்டினால் இவள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை இன்னொருவனை அழைக்கவும் கூடாது. இன்னொருவனா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா என்று அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பிறகு கொரோனா வந்தது. விமானங்கள் நின்றிருந்த நாட்களில் அங்கப்பன் சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை மலைக்கு ஏற்றிவர ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் போனை எடுக்கவில்லை. யாரோ ஒரு பிக்கப் டிரைவர் நம்பரைக் கொடுத்தார்கள். அவன்தான் சின்னராஜ். அடிவாரத்திலிருந்து நாகலூர் வரை வளைவுக்கு வளைவு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். காட்டில் குழி மூடுகிற வரைக்கும் போனைக் கையில் பிடித்து அவளுக்குக் காட்டினான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கடைசியில், "அப்பாரு மொகத்துல மண்ணு போடறதுக்கு முன்னால ஒருக்கா நல்லாப் பாத்துக்குங்க நர்ஸம்மா" என்று மட்டும் சொல்லிப் போனைக் கிட்டே கொண்டுபோனான்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவனைக் கூப்பிடத் தொடங்கினாள். அம்மாவுக்கு மாத்திரை, அம்மாவுக்கு அரிசி, அம்மாவீட்டுக் கூரைக்கு ஓடு. போகப் போக அம்மாவைப் பற்றிக் கேட்பது குறைந்தது. இரண்டு வருஷம் இப்படிப் போனது. அவன் அதிகம் பேசமாட்டான். இங்கே அவன் மூட்டை இறக்குகிற சத்தமும் அங்கே அவள் காலணியைக் கழற்றுகிற சத்தமும்தான் பாதிப் பேச்சு. ஒருநாள் அவள் அலுப்பில் சொன்னாள். "இங்க குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடுதுங்க. குளிரக்கூடத் தாங்கிக்கலாம். டூட்டி முடிஞ்சு வந்து, இருட்டு வீட்டுக்குள்ள சுவத்தத் தடவி சுவிட்ச் தேடறது இருக்கு பாருங்க, அதுதான் முடியல." அவன் உம் என்று கேட்டுக்கொண்டான். மூட்டை இறங்குகிற சத்தம் கேட்டது.

கல்யாணம் பேசியபோது ஆராயி ஒரே பிடியாக நின்றாள்.

"அறுத்துக் கட்டற கண்ணாலம் கண்ணு இது. மேளம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம், ஒறம்பரை சனம் வேண்டாம். மொதக் கண்ணாலத்துல எத்தன கேமரா, எத்தன கண்ணு! ஊரு கண்ணே பட்டுத்தான உன்ற பொழப்பு அப்பிடியாச்சு. இந்தத் தடவ ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது. சாமி பாத்தாப் போதும்."

அப்படியே நடந்தது. விடிவதற்கு முன் மலைமேல் பெருமாள் கோயிலில், பனி மூடியிருந்த நேரத்தில், மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு. நின்றவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். போனையெல்லாம் வாங்கி ஆராயி ஒரு கூடையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பதிவு அலுவலகத்துக்கு என்று ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு படம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போல, இரண்டு பேரும் விறைத்து உட்கார்ந்திருக்கிற படம். அவ்வளவுதான் இந்தக் கல்யாணத்துக்குச் சாட்சி.

இப்போது அந்த மின்னஞ்சலில் குடியேற்ற அதிகாரி கேட்கிறார். முதல் திருமணத்துக்கு அத்தனை படங்கள் அனுப்பினீர்கள், இதற்கு ஏன் ஒன்றே ஒன்று? பொய்க் கல்யாணத்துக்கு ஒரு மூட்டை ஆதாரம் இருந்தது. மெய்க் கல்யாணத்துக்கு ஒரு சிட்டிகைகூட இல்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் போனது சேலத்தில் விசா வேலை பார்க்கிற சரவணனிடம். அவர் மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை.

"இது ஒரு விஷயமே இல்ல மேடம். ஆல்பம் இல்லீன்னா ஆல்பம் பண்ணிக்கலாம். அடிவாரத்துல சின்ன மண்டபம் ஒண்ணு இருக்கு. நிச்சயம், கல்யாணம், ரிசப்ஷன், மூணையும் ஒரே நாள்ல எடுத்துரலாம். ஆள் நான் ஏற்பாடு பண்றேன். சேலை மட்டும் மாத்திக்கிட்டே இருங்க, போதும்."

"பொய்யில்லீங்களா?"

"கல்யாணம் நெசம்தானே மேடம்? நெசத்தத்தான் மறுபடி நடிக்கறோம்."

பேருந்தில் திரும்பும்போது அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. நாகலூரில் இறங்கியதும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னராஜிடம் சொன்னாள். அவன் துணியைப் பிழிந்துகொண்டே, "சரிங்க" என்றான்.

அந்த "சரிங்க" அவளைக் குத்தியது. ஒரு கேள்வி இல்லை, ஒரு தயக்கம் இல்லை. ஹரிஹரனும் இப்படித்தானே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்? மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வர விருப்பமில்லையோ என்று குத்தியிருக்கும். சரி என்றதால், எதைச் செய்தாவது விமானம் ஏறினால் போதும் என்று நினைக்கிறானோ என்று குத்தியது. பாவம், அந்த மனுஷன் எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

அன்றிலிருந்து அவள் தன் புருஷனை வேவு பார்க்கத் தொடங்கினாள். சேலத்தில் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தான். விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் மாட்டி வைத்திருந்தான். எவ்வளவு அவசரம் பார் என்று நினைத்தாள். வண்டியை மட்டும் இன்னும் விற்கவில்லை. ஹரிஹரன் கிளம்புமுன் பைக்கை முதல் ஆளாக விற்றவன். அப்படியானால் இவன் திரும்பி வருகிற எண்ணத்தில் இருக்கிறானா? கூடத்தில் ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாடம் போட்டுக் கேட்டான். அதுவும் சந்தேகம். இரண்டு நாள் கேட்கவில்லை. அதுவும் சந்தேகம். இன்னொரு விஷயமும் உறுத்தியது. கட்டி ஒரு வருஷம் தாண்டியும் அவன் அவளை "ங்க" போட்டுத்தான் பேசினான். ரைட்டர் மகள், நர்ஸம்மா என்ற பழைய மரியாதை என்று ஊர் கேலி செய்தது. வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரியிடம் பேசுகிற மரியாதையோ என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏனுங்க, அவங்க முடியாதுன்னுட்டா என்ன பண்றது?" என்று ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்ன பண்றது, நீங்க லீவுல வர்றப்ப வண்டிய எடுத்துக்கிட்டு அடிவாரம் வந்து நிப்பேன்" என்றான் சாதாரணமாக. குழம்பு நன்றாக இருக்கிறது என்றான்.

அவள் கையைக் கழுவிவிட்டு வாசல் கூட்டப் போய்விட்டாள்.

படம் எடுக்கிற நாள் வந்தது. அடிவாரத்து மண்டபத்தில் சரவணன் சொன்னபடியே எல்லாம் தயாராக இருந்தது. பிளாஸ்டிக் வாழைமரம், தெர்மாகோல் மயில், எங்கிருந்தோ பிடித்து வந்த முப்பது உறவினர்கள். அவர்களில் ஒரு பெரியவர் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாக இருந்தார். அடுத்த அரை மணியில் பூணூல் மாட்டிக்கொண்டு ஐயராக வந்து உட்கார்ந்தார். ஒரு அம்மாள் இளவரசியின் கன்னத்தைத் தடவி, "என்ற ராசாத்தி" என்று கண்ணீர்கூட விட்டாள். யாரென்றே தெரியாத அம்மாள். ஆராயியை வரச் சொல்லவில்லை. சொன்னால் கேமராவை வாங்கிக் கூடையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள்.

சின்னராஜ் பட்டு வேட்டியில் கூச்சத்தோடு நின்றான். சிரிக்கச் சொன்னால் சிரித்தான். மோதிரம் போடச் சொன்னால் போட்டான். இளவரசிக்கு மேக்கப் கனத்தது. மனசும் கனத்தது. எல்லாம் ஹரிஹரன் கல்யாணம் போலவே இருந்தது.

"அடுத்து தாலி கட்டு. அதுதான் மேடம் முக்கியமான ஷாட்" என்றான் கேமராக்கார சதீஷ். பிறகு லென்ஸ் வழியாகப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "மேடம், கழுத்துல பழைய கயிறு தெரியுது. ஒரு நிமிஷம் அதக் கழட்டிக் குடுத்துருங்க. அதையே மறுபடி கட்டிரலாம்."

நியாயமான பேச்சுதான். கட்டாத கழுத்தில்தானே கட்ட முடியும்? இளவரசி காரியக்காரி. ஒரு நிமிஷம்தானே என்று தலையைக் குனிந்தாள். இரண்டு கையும் பிடரிக்குப் போய் முடிச்சைத் தேடின. கொக்கி இல்லை. கயிறு. மஞ்சளில் ஊறி இறுகிய முடிச்சு. நகத்தால் நெம்பினாள். கையில் நடுக்கமே இல்லை.

"அவுக்காத இளவரசி!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கத்தியது சின்னராஜ். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். "ங்க" இல்லை. அவன் வாயிலிருந்து அவள் பெயர் மொட்டையாக வந்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு நிமிஷம்தான சார்" என்றான் சதீஷ்.

"ஒரு நிமிஷமும் வேண்டாமுங்க. சேல மாத்தச் சொன்னீங்க, சரின்னோம். ஆரையோ மாமன்னு நிக்க வெச்சீங்க, சரின்னோம். இது ஆவாதுங்க." சின்னராஜுக்கு மூச்சு வாங்கியது. பேசிப் பழகாதவன். "அவுத்துப்போட்டு மறுக்கா கட்டற மாதிரி படம் எடுத்தா, கட்டறது பொய்யிங்க. ஆனா அவுக்கறது நெசமாப் போயிருமில்லீங்களா?"

ஐயராக உட்கார்ந்திருந்த பெரியவர் பூணூலைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். சரவணன் டம்மித் தாலி ஒன்று இருக்கிறது, பழையதை ரவிக்கைக்குள் மறைத்துவிடலாம் என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சின்னராஜ் வாசல் தாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மாலையைக்கூடக் கழற்றவில்லை. இளவரசியும் மாலையும் கழுத்துமாகப் பின்னாலேயே போய் ஏறினாள்.

மலைப்பாதையில் வண்டி ஏறியது. முதல் சில வளைவுகள் கடந்தன. பிறகு அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி என்னத்த அனுப்பறது? லீவு முடியப்போகுது. உங்களுக்கு அங்க வரவே இஷ்டமில்ல. அதுக்கு இது ஒரு சாக்கு. அப்பிடித்தான?"

"இஷ்டம் இருக்குதுங்க."

"அப்பறம்?"

"பயமும் இருக்குது. அந்தப் பனியில எந்த ரோட்டுல என்னத்த ஓட்டறதுன்னு தெரியல. நீங்க கூட்டிக்கிட்டுப் போன ஆளுன்னுதான் என்னைய எல்லாரும் பாப்பாங்க. மொத வந்தவரு மாதிரிதான் நானும்னு நெனப்பாங்க. நீங்களும் அப்பிடித்தான் பாக்கறீங்க. கொஞ்ச நாளா நான் கோட்டு வாங்குனாலும் பாக்கறீங்க, வாங்காட்டியும் பாக்கறீங்க."

அவளுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. இத்தனை நாள் தான் மட்டும் வேவு பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

ஒரு வளைவில் குரங்குக் கூட்டம் ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தது. வண்டி நின்றது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா சொன்னதுனால போட்டோ எடுக்காம விட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அதில்ல. அம்மா சொன்னத நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? நீங்களும் ஒருநாள் போயிட்டா, அழிக்கறதுக்குப் படம் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அந்த ஆல்பத்த எரிக்கறதுக்கு எனக்கு ஒரு நாள் பூரா ஆச்சுங்க. இன்னொருக்கா என்னால முடியாது. அங்க கூட வேலை செய்யறவங்ககிட்டகூட எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லல. அந்த அதிகாரி கேட்டது சரிதான். இந்தக் கல்யாணத்த நம்பாதது மொதல்ல நாந்தான்."

சொல்லி முடித்ததும் அழுதாள். மேக்கப் கரைந்து மடியில் சொட்டியது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றான் சின்னராஜ். "கோயில்ல என்ற தம்பி ஒருத்தன் கூடைக்குத் தப்புன போன் ஒண்ண நீட்டுனான். நீங்க வெடுக்குனு மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"சூடு பட்டவங்க கைய இழுத்துக்கத்தான் செய்வாங்க. அதுக்குப் போயிக் கோவிச்சுக்க முடியுமா?"

இந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்தது. இளவரசி "ஐயோ" என்று அலறித் தாலிக் கயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மாலை அறுந்து குரங்கோடு போனது. அது சுவர்மேல் உட்கார்ந்து ரோஜாவைப் பிய்த்துத் தின்றது. அவள் கழுத்தைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

ஒண்டிக்கடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை. சுற்றுலாக் கூட்டம், பஸ் ஹாரன், மிளகாய் பஜ்ஜி வாசனை. எப்போதும் அந்த இடத்தை முக்காடு போடாத குறையாகக் கடப்பவள், வண்டியை நிறுத்தச் சொன்னாள். கரைந்த மையும் கல்யாணப் பட்டுமாக இறங்கினாள். பாய்லருக்குப் பின்னால் ரூபிக்கு வாய் பிளந்தது.

"என்ன கண்ணு இது கோலம்? ரெண்டாவது டிரிப் இன்னைக்கேவா கெளம்புது?"

டீ கிளாஸோடு நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

"ஆமாங்க்கா. ரெண்டாவது டிரிப்தான்" என்றாள் இளவரசி, எல்லோருக்கும் கேட்கும்படி. "இவருதான் என்ற ஊட்டுக்காரரு. கோயில்ல கட்டுனப்ப உங்க ஒருத்தரையும் கூப்புடல. தப்புத்தான். இப்பக் கூப்புடறேன். வண்டியில ஏறுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

ஒரு கணம் ஒண்டிக்கடையே யோசித்தது. முதலில் ஏறியது ரூபிதான். டீ வடிகட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. பிறகு பஜ்ஜிக்காரர், ஆரஞ்சு விற்கிற பெண்கள், நாகலூர் பஸ் கண்டக்டர், யாரென்று தெரியாத இரண்டு சுற்றுலாக்காரர்கள். பிக்கப்பின் பின்பக்கம் கொள்ளாமல் நிறைந்தது. நடுவில் அவர்கள் இருவரும். படத்தில் சின்னராஜ் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். இளவரசியின் முகத்தில் மை வழிந்திருக்கிறது. அந்த மண்டபத்தில் எடுத்த எல்லாப் படங்களையும்விட இது அலங்கோலமான படம். அவள் அந்த ஒன்றைத்தான் அனுப்பினாள்.

கூடவே கடிதமும் எழுதினாள். இது கல்யாண நாளில் எடுத்த படமில்லை என்று எழுதினாள். கல்யாணத்தன்று ஏன் படம் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு, மறுமணத்தை அமைதியாக நடத்துவது எங்கள் வீட்டு வழக்கம் என்று எழுதினாள். அடுத்த வரியில், அது பாதிதான் உண்மை, இவரும் என்னை விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன், அதனால் படம் வேண்டாம் என்றேன் என்றும் எழுதினாள். சரவணன் போனில் தலையில் அடித்துக்கொண்டார். சொந்தப் புருஷனைச் சந்தேகப்பட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்தால் எந்த அதிகாரி நம்புவான், ஃபைல் போச்சு என்றார். போனால் போகட்டும் என்றாள். ஆராயி படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தன கண்ணா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, மகளோடு மருமகனுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாள். ஒண்டிக்கடை மொத்தத்துக்கும் சேர்த்து என்பதால் மிளகாய் இரண்டு கைப்பிடி ஆனது. வீடே தும்மியது.

லீவு முடிந்து இளவரசி தனியாகத்தான் விமானம் ஏறினாள். பதில் வரவில்லை. இலையுதிர்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நடந்துகொண்டே இருந்தாள். எல்லோரும் டீ குடிக்க உட்காரும்போதும் அவள் நின்றபடி போனைப் பார்த்தாள். அவள் போனின் முகப்பில் இப்போது பிக்கப் வண்டிப் படம் இருந்தது. யார் இவர் என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். சொன்னாள்.

ஒரு மாலை ஷிப்டின் இடைவேளையில் அது வந்தது. அனுமதி. இரண்டு தடவை படித்தாள். நாகலூரில் அப்போது விடிந்து வெயில் ஏறியிருக்கும். கை நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. சின்னராஜைக் கூப்பிட்டாள். ஒண்டிக்கடைச் சத்தம் கேட்டது. மூட்டை இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, வந்துடுச்சுங்க."

மூட்டைச் சத்தம் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று காத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் காத்திருந்தாள் என்பதை மறைப்பானேன்?

"அப்ப இனிமேலு நீ டூட்டி முடிஞ்சு வர்றப்ப," என்றான் சின்னராஜ், "ஊட்டுல வெளக்கு எரியும்."

இளவரசி சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இடைவேளை முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.